பேங்க் ரன்: 'வங்கி ஓட்டம்' சரிவராது

நண்பர்களே,

நிதிக் கலைச்சொல் பட்டியலில் 'பேங்க் ரன்' என்பதற்கு, அதாவது வங்கி விழுந்துவிடும் என்று பயந்து பணம் போட்டவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுக்க வருவதற்கு, 'வங்கி ஓட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். தர்மபுரிப் பக்கம் வந்து இதைச் சொல்லிப் பாருங்கள், 'யார் ஓடினது, எவ்வளவோட?' என்றுதான் கேட்பார்கள். இங்கே ஓடுவது சீட்டு பிடிக்கிறவர். பணம் கட்டினவர்கள் ஓடுவதில்லை, வாசலில் வந்து நிற்பார்கள்.

பாலக்கோட்டில் எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடித்த ஒருவரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு கிளம்பி, விடிவதற்குள் அம்மா சீட்டு அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார், அவருக்கு முன்னாலேயே முப்பது நாற்பது பேர். மனிதர் வீட்டிலேதான் இருந்தார். ஆனால் பணம் தக்காளி மண்டியில் கைமாற்றாகப் போயிருந்தது, ஒரே காலையில் எல்லோருக்கும் எங்கிருந்து எடுத்துத் தருவார்?

1907 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்ததும் இதுதான். யுனைடெட் காப்பர் என்ற செம்பு நிறுவனத்தின் பங்குகளை வளைத்துப் பிடிக்கப் பார்த்து ஹைன்ஸே சகோதரர்கள் கூட்டம் கவிழ்ந்தது, அவர்களோடு பழகிய தலைவர் இருந்ததால் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் (வங்கி போலப் பணம் வாங்கி வைக்கும் நிறுவனம்) வாசலில் கூட்டம் சேர்ந்தது. 22ஆம் தேதி மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 80 லட்சம் டாலர் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மறுநாள் டிரஸ்ட் கம்பெனி ஆஃப் அமெரிக்கா வாசலில் கூட்டம். அதன் கணக்கைப் பார்த்தால் நிறுவனம் தேறுகிற நிலையில்தான் இருந்தது, ஆனாலும் பெரிய வங்கியாளர் ஜே.பி. மார்கன் கைகொடுக்காவிட்டால் விழுந்திருக்கும். நல்ல நிறுவனத்தையும் மிதித்துத் தள்ளும் இந்தக் குணம் சொல்லில் வர வேண்டாமா? தேர்த்திருவிழாவில் யார் தள்ளினார் என்று தெரியாமலே கீழே விழுகிறோமே, அது போல. அதனால் என் வாக்கு 'எடுப்பு நெரிசல்'.

'நிதிப்பீதி' வேறு. அது மனசில் இருப்பது, பல இடங்களில் நெரிசலை உண்டாக்குவது. 'திவால்' இன்னொன்று. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி 1906இல் கவிழ்ந்ததைச் சிலர் இங்கே உதாரணமாகக் காட்டினீர்கள் (அதுவும் அக்டோபர் 22தான், விசித்திரம்), ஆனால் அங்கே உள்ளேயே கடனுக்கு ஈடான சொத்து இருக்கவில்லை, ஜார்ஜ் அர்பத்நாட்டே சிறைக்குப் போனார். அதைத் திவால் என்றே எழுதலாம். அந்தக் கசப்பில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது.

2023இல் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் போனது, பெரும்பாலும் வாசலில் ஆளே இல்லாமல், அதை நெரிசல் என்பதா என்று கேட்பீர்கள். தேர்வு முடிவு வரும் அன்று இணையதளம் திணறினால் என்ன சொல்கிறோம்? அதே நெரிசல்தான்.

சரி, 'எடுப்புநெரிசல்' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.