எச்.ஐ.வி. தடுப்பு: மருந்து மட்டும் போதுமா?

இளம்பரிதி:
எச்.ஐ.வி. தடுப்பு நிதியில் ஆலோசனைக்கும் சக உதவிக் குழுக்களுக்கும் போகும் பங்கைக் குறைத்து, அதை மருந்துக்குத் திருப்ப வேண்டும் என்பது என் வாதம். அமெரிக்காவில் 9 பால்வினை நோய் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,000 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், பரிசோதனையோடு ஆலோசனையும் பெற்றவர்களிடையே புதிய பால்வினைத் தொற்றுகள் குறையவில்லை. ஆனால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் லெனகாபவிர் ஊசியைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை என்று தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வு 2024-இல் காட்டியது. இதற்குப் பிறகும் புத்திமதிக்குச் செலவிடுவானேன்?

மலர்விழி:
நண்பரே, புத்திமதி பலிக்காது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால், மருந்து கைக்கு வந்தாலே உடலுக்குள் போய்விடும் என்று நீங்கள் கொள்வதுதான் சிக்கல். தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த 'வாய்ஸ்' ஆய்வில், தடுப்பு மருந்தைத் தவறாமல் பயன்படுத்துவதாகப் பெரும்பாலான பெண்கள் கூறினர். மாத்திரை பெற்றவர்களின் இரத்த மாதிரிகளைச் சோதித்தபோதோ, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து இருந்தது. மாத்திரையை யாராவது பார்த்துவிட்டால் தமக்கே எச்.ஐ.வி. இருப்பதாகப் பேசுவார்களே என்ற அச்சம் அதற்கான காரணங்களில் ஒன்று.

இளம்பரிதி:
அது மாத்திரையின் குறை. அதற்குத்தான் ஊசி வந்திருக்கிறதே!

அன்பரசி:
சிகிச்சை பெறுவோருக்குத் துணை நிற்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். பையில் குலுங்கும் மாத்திரைகளின் ஓசை பேருந்தில் பிறர் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகப் புட்டிக்குள் பஞ்சு திணித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்த பிறகே வீட்டுக்குள் நுழைபவர்களும் இருக்கிறார்கள். ஊசி இந்த ஓசையை நிறுத்தும் என்பது உண்மைதான், ஆனால் அதைப் போட்டுக்கொள்ளவும் ஒருவர் பரிசோதனைக்கு வந்தாக வேண்டும், அடுத்த தவணைக்கும் வந்தாக வேண்டும், எல்லோர் கண்ணிலும் படும் தனி வரிசையில் அவரை நிறுத்தினால் அவர் வரமாட்டார். மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008-இல் தொடங்கிய ஏற்பாட்டைப் பாருங்கள். எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோர் அதிகபட்சம் ஆறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, மாதம் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று அனைவருக்கும் மருந்து வாங்கி வந்தனர். யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. ஐந்து பேரின் அலைச்சல் மிச்சமானது.

இளம்பரிதி:
இதை நான் மறுக்கவில்லை, ஆனால் இது மருந்து விநியோகம். நடத்தை மாற்றம் என்ற பெயரில் இதைச் சேர்த்துக்கொள்வது சரியன்று. மேலும், சமூக முயற்சிகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. மலாவியில் இளம்பெண்களுக்குப் பணம் கொடுத்தபோது எச்.ஐ.வி. உள்ளவர்களின் விகிதம் குறைவாக இருந்தது. பள்ளி வருகையை நிபந்தனையாக்கித் தென்னாப்பிரிக்காவில் கொடுத்தபோது வேறுபாடு இல்லை.

மலர்விழி:
அந்தத் தென்னாப்பிரிக்க ஆய்வில் பணம் பெறாத மாணவியரும் பெரும்பாலும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஆகவே பணம் விலக்கவேண்டிய தடை அங்கே முன்பே பெரிதாக இல்லை. எந்த இடத்தில் எது தடை என்று விசாரிக்காமல் ஒரே திட்டத்தை எங்கும் நடுவதைத்தான் நான் குறை சொல்வேன். இன்னொன்று: சிகிச்சையால் இரத்தத்தில் வைரஸ் அளவு தொடர்ந்து கண்டறிய முடியாத நிலையில் உள்ளவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. 2019-இல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் இணைகளிடையே அவ்வாறான பரவல் ஒன்றுகூட நிகழவில்லை. இதை நம்பும்படி எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா? இது தெரியாமல் திருமணத்தையே தவிர்ப்பவர்கள் எத்தனை பேர்!

இளம்பரிதி:
எடுத்துச் சொல்லுங்கள்; எனக்குத் தடையில்லை. ஆனால், எத்தனை கூட்டம் நடத்தினோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்ற கணக்கைக் காட்டி நிதி கேட்பதை ஏற்கமாட்டேன். சிகிச்சையில் நீடிப்போர் எத்தனை பேர், அவர்களுள் வைரஸ் அளவு அடங்கியோர் எத்தனை பேர் என்று காட்டட்டும்.

அன்பரசி:
அந்த நிபந்தனை எங்களுக்கும் சம்மதமே. இடையில் வராமல் நின்று, மீண்டும் சிகிச்சைக்குத் திரும்பியவர்களையும் அதில் தனியாகக் காட்ட வேண்டும். எங்கள் உழைப்பில் பாதி அவர்களைத் தேடிப் போவதிலேயே கழிகிறது.