கார் டிக்கியில் நாலு மணி நேரம் கிடந்த வில்

மதுரையிலிருந்து:

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்வித்தையின் (இரு முனையிலும் சக்கரம் வைத்த வில்) ஐந்து தங்கத்தையும் இந்தியா வாங்கியதே, அதை டிவியில் பார்த்த நாளிலிருந்து என் மகளுக்கு வில் பைத்தியம். வில் வாங்கும்போது விலையைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதை எங்கே, எப்படி வைப்பது என்று யாரிடமும் கேட்கவில்லை.

போன அக்னி நட்சத்திரத்தில் நடந்தது இது. காலையில் போட்டி முடிந்ததும் நேராக ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டோம். வில் பெட்டியோடு கார் டிக்கியில். கார் வெட்ட வெயிலில். சாப்பிட்டு, பேசி, கிளம்ப நாலு மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஸ்ட்ரிங்கில், அதாவது நாணில், பூசியிருந்த மெழுகின் வாசனை. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சில் ஸ்ட்ரிங் கிடந்த இடத்தில் நீளமாக ஒரு எண்ணெய்க் கோடு. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது.

மறுநாள் காலை மகள் இழுத்துப் பிடித்துவிட்டு, அம்பு விடாமலே மெதுவாக இறக்கினாள். "அப்பா, ஓட்டையே தெரியலை" என்றாள். ஸ்ட்ரிங்குக்கு நடுவே கட்டியிருக்கும் பீப் (குறி பார்க்கும் ஓட்டையுள்ள சின்னத் துண்டு) பக்கவாட்டில் திரும்பிவிட்டிருந்தது. கோச் சார் டேப் எடுத்து மேல் கேம் (முனையில் சுழலும் சக்கரம்) அச்சிலிருந்து கீழ் கேம் அச்சு வரை அளந்தார். புது ஸ்ட்ரிங் போட்ட அன்று பெட்டி மூடியின் உள்பக்கம் அவரே மார்க்கரில் எழுதிவைத்த அளவைவிட மூன்று மில்லிமீட்டர் கூடியிருந்தது. இழுத்தால் மேல் கேம் முதலில் போய் நின்றது, கீழ் கேம் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அன்றைக்குத்தான் அவர் விளக்கினார். சக்கரம் இல்லாத ரிகர்வ் வில்லில் பயிற்சி முடிந்ததும் ஸ்ட்ரிங்கைக் கழற்றிவிடுகிறோம், அது ஓய்வெடுக்கிறது. காம்பவுண்ட் வில்லில் ஸ்ட்ரிங்கும், கேமோடு கட்டிய கேபிளும் இருபத்து நாலு மணி நேரமும் விறைப்பாகவே இருக்கின்றன. பெட்டிக்குள் தூங்கினாலும் லிம்ப் (வில்லின் வளையும் கை) அவற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். நிறைய ஸ்ட்ரிங்குகளில் டைனீமா என்ற செயற்கை இழை இருக்கிறது. எடையைத் தாங்குவதில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் விறைப்பும் சூடும் ஒன்றாகச் சேர்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவிடும், பழைய நீளத்துக்குத் திரும்பாது. லிம்ப் என்பதும் கண்ணாடி இழையைப் பசையில் இறுக்கிச் செய்தது. அதற்கும் அந்தச் சூடு ஆகாது.

என் அப்பா கேட்டார், "அம்பு விடாத நேரத்தில நாணை இறக்கி வச்சா என்னப்பா?" மரவில்லுக்கு அவர் சொல்வது ரொம்பச் சரி. இந்த வில்லில் நாணை இறக்க வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள பிரெஸ்ஸில் மாட்டி லிம்பை அழுத்த வேண்டும். வெறுங்கையால் முடியாது, முயற்சியும் செய்யக்கூடாது.

இப்போது வில் டிக்கிக்குள் போவதே இல்லை. நாங்கள் இறங்கினால் எங்களோடு அதுவும் இறங்கும். மைதானத்தில் வெள்ளைத் துண்டு போர்த்தி நிழலில் வைக்கிறோம்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணா, உங்களுக்கு வெயில், எங்களுக்கு உப்புக்காற்று. பிளஸ் டூ பரீட்சைக்காக நாலு மாதம் வில்லைத் துணிப்பையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்தபோது ஆலன் ஸ்க்ரூ எல்லாம் செம்மண் நிறம். ஒன்றிரண்டு கீ போட்டாலும் திரும்பவில்லை. அதைக்கூடச் சமாளித்துவிட்டேன். ஸ்ட்ரிங்கை நகத்தால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தபோது கீழ் கேமுக்கு நாலு விரற்கடை மேலே நகம் சிக்கியது. எலி கடித்திருக்கிறது. ஒரே ஒரு இழைதான் அறுந்திருந்தது, மீசை முடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு இழைதானே, நாலு அம்பு விட்டுப் பார்" என்று ஒரு நண்பன் சொன்னான். நான் விடவில்லை. ஐம்பது பவுண்டு இழுவையில் முகத்துக்குப் பக்கத்தில் அறுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். ஸ்ட்ரிங், கேபிள் எல்லாவற்றையும் செட்டாகவே மாற்றினேன்.

அப்புறம் பஞ்சு. லிம்ப் ஓரமாகப் பஞ்சை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் அது பஞ்சைப் பிடித்து இழுக்கும். இப்போது மூடி இறுகப் பூட்டும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், பெட்டி இருப்பது அலமாரியின் மேல்தட்டில்.

மெழுகு பற்றியும் ஒன்று. நிறையப் பூசினால் நல்லது என்று நினைத்து முன்பு அப்பிவைப்பேன். தூசியெல்லாம் அதில்தான் ஒட்டியது. இப்போது லேசாகத் தடவி, இரண்டு விரலால் சூடு வரும்வரை தேய்க்கிறேன். மெழுகு உள்ளே இறங்கியதும் ஒரு தையல் நூலை ஸ்ட்ரிங்கில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலிருந்து கீழே இழுத்தால் மிச்சம் மீதி அழுக்கோடு வழித்துக்கொண்டு வந்துவிடும். அம்பு மாட்டும் இடத்தில் சுற்றியிருக்கும் சர்விங் நூலில் மட்டும் மெழுகு வேண்டாம்.

டொராண்டோவிலிருந்து:

இங்கே பிரச்சினை தலைகீழ். தை மாதம் வெளியே மைனஸ் 15, வீட்டுக்குள்ளே ஹீட்டர். வெளியிலிருந்து வந்த கையோடு பெட்டியைத் திறந்தால் கேம், அச்சு, ஸ்க்ரூ எல்லாவற்றிலும் முத்து முத்தாகத் தண்ணீர் பூத்துவிடும். ஒன்றிரண்டு மணித்தியாலம் பெட்டியை மூடியபடியே விட்டுவிட்டுப் பிறகுதான் திறப்பேன்.

ஆனால் என்ர வில் போனது பனியால இல்லை. வடிவாக இருக்கட்டும் என்று வரவேற்பறைச் சுவரில் கொழுவியிருந்தேன். விடுமுறைக்கு வந்த மச்சான் எடுத்து, அம்பு இல்லாமல் இழுத்து விட்டுவிட்டார். துவக்கு வெடித்த மாதிரி ஒரு சத்தம். அம்புக்குப் போகவேண்டிய விசை முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பியது. ஸ்ட்ரிங் கேமை விட்டுக் கழன்று தொங்கியது, ஒரு லிம்ப் நீளவாக்கில் பிளந்துவிட்டது. மச்சானுக்குக் கையில் கீறல் மட்டும். கண்ணில் பட்டிருந்தால் என்ற நினைப்பு இப்பவும் வரும். இப்ப வில் பூட்டின பெட்டிக்குள்ளே. திறப்பு என்னிடம் மட்டும்.

திருச்சியிலிருந்து:

என் பையனும் பரீட்சைக்காக ஆறு மாதம் நிறுத்தப் போகிறான். லிம்பை ரைசரோடு (வில்லின் நடுக் கைப்பிடி) இறுக்கும் லிம்ப் போல்ட்டைத் தளர்த்தி வைக்கலாமா சார்?

மதுரையிலிருந்து:

சார், வில்லோடு வந்த புத்தகத்தில் எத்தனை சுற்று வரை தளர்த்தலாம் என்று போட்டிருக்கும். அதை ஒரு சுற்றுகூடத் தாண்டாதீர்கள். தாண்டினால் லிம்ப் இருப்பை விட்டுக் கழன்று அடித்துவிடும். தளர்த்தாமல் அப்படியே வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் எங்கள் கோச் சொல்கிறார். தளர்த்துவதென்றால் மேலும் கீழும் ஒரே கணக்காக இருக்கட்டும். என் மகள் இரண்டிரண்டு சுற்றுத் தளர்த்தி, தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதி ரைசரில் கட்டிவைத்தாள். அச்சு அளவை மட்டும் தளர்த்துவதற்கு முன்னாலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பழையபடி இறுக்கி, டேப்பை வைத்துப் பார்த்து, அந்த எண் வந்தால் தம்பி முதல் அம்பை விடலாம்.