கிராமப்புற கவுண்டியின் பேரிடர் ஆபத்தை மதிப்பிட உதவி தேவை
வணக்கம். அமெரிக்காவில் ஒரு கிராமப்புற கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பேரிடர் ஆபத்து மதிப்பீட்டுக்கு உதவி வருகிறேன். அந்நாட்டு அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா, ஒவ்வொரு பகுதியின் ஆபத்துக்கும் மதிப்பெண் தரும் தேசிய ஆபத்துக் குறியீட்டை வெளியிடுகிறது. அது 18 வகைப் பேரிடர்களைக் கணக்கில் எடுக்கிறது. சரி, தொடங்க நல்ல இடம்தான். ஆனால் ஆண்டு இழப்பை டாலரில் கணக்கிடுவதால், ஆட்களும் கட்டடங்களும் குறைந்த பகுதி பத்திரமானதாகத் தெரிகிறது. ஓடையைக் கடக்கும் ஒரே பாலம் அடித்துப்போனால் அக்கரை வீடுகளுக்கு ஆம்புலன்ஸ் போக வழியே இல்லை. அந்தக் கஷ்டம் மதிப்பெண்ணில் வருவதில்லை. ஆண்டுக்கு 1 சதவீத வெள்ள வாய்ப்பு என்றால் மக்கள் கண்டுகொள்வதில்லை. 30 ஆண்டுகளில் ஒரு முறையாவது அப்படி வெள்ளம் வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்!

இப்படித் துண்டிக்கப்படும் வீடுகளை மதிப்பீட்டில் சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தத் தரவை எடுத்தீர்கள், எவ்வளவு எடை கொடுத்தீர்கள்? அப்புறம், பழைய சாலை மூடல் பதிவுகளை யாரிடம் கேட்பது?