நகலா, அசலா? ஆப்ஜெக்ட் உங்களை அலையவிட்ட கதையைச் சொல்லுங்கள்

சி பிளஸ் பிளஸ் மொழியில் சம்பளக் கணக்கு போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஊழியர்’ ஒரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு: அடையாள எண், மாதச் சம்பளம். அதிலிருந்து கிளைத்த ‘ஒப்பந்த ஊழியர்’ கிளாஸில் கூடுதலாக நாள் கூலியும் வேலைக்கு வந்த நாட்களும். சம்பளம் போடும் ஃபங்ஷன் விர்ச்சுவல்: ஆப்ஜெக்ட் எந்தக் கிளாஸோ அந்தக் கிளாஸின் கணக்கு ஓட வேண்டும். எல்லோரையும் ‘ஊழியர்’ வகை வெக்டர் (வரிசைப் பட்டியல்) ஒன்றில் சேர்த்து லூப் ஓட்டினேன். கம்பைலர் வாய் திறக்கவில்லை. ஒப்பந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் சம்பளம் 0.

நாள் கூலியைப் பெருக்கும் வரியில் பிரேக்பாயின்ட் (புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் குறி) வைத்தேன். புரோகிராம் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு நாள் தூக்கம் போனது. கடைசியில் சைஸ்ஆஃப் போட்டு அளவைப் பார்த்தபோதுதான் பொறி தட்டியது. எங்கள் 64 பிட் மெஷினில் ஊழியர் 24 பைட், ஒப்பந்த ஊழியர் 40 பைட். வெக்டரின் ஒவ்வொரு அறையும் 24 பைட்தான். உள்ளே போடும்போது ஊழியர் பகுதி மட்டும் நகலாகி, மீதி 16 பைட் வெளியிலேயே நின்றுவிட்டது. எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்று சொல்லும் விர்ச்சுவல் டேபிளைக் காட்டும் பாயின்டரும் நகலில் ஊழியருடையதாகவே அமைகிறது. உள்ளே இருந்தது ஒப்பந்த ஊழியரே இல்லை! இதற்கு ஸ்லைசிங் என்று பெயர் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆப்ஜெக்டையே வைக்காமல், அது இருக்கும் முகவரியை வைக்கும் யூனிக் பாயின்டர்களின் வெக்டராக மாற்றினேன், சரியானது.

சிமுலா 67 என்ற பழைய மொழியில் கிளாஸ் ஆப்ஜெக்ட் என்றாலே ரெஃபரன்ஸ்தான், அதாவது நகல் அல்ல, அசலைச் சுட்டும் குறிப்பு. சி பிளஸ் பிளஸை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப் அங்கிருந்து கிளாஸை எடுத்து, இன்ட் (முழு எண்) மாதிரி நகலாகும்படி வைத்தார். தேதி, பணத்தொகை போன்றவற்றுக்கு அருமையான முடிவு. ஒவ்வொன்றுக்கும் ஹீப் என்ற நினைவகப் பகுதியில் தனி இடம் தேட வேண்டாம். ஆனால் இன்ஹெரிட்டன்ஸும் (ஒரு கிளாஸ் இன்னொன்றிலிருந்து கிளைப்பது) இந்த நகலும் ஒரே கிளாஸில் குடியிருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். டி மொழி பிரித்தே விட்டது: ஸ்ட்ரக்ட் நகலாகும், அதிலிருந்து கிளைக்க முடியாது, கிளாஸ் கிளைக்கும், எப்போதும் ரெஃபரன்ஸ்.

* * *

அண்ணா, பிரித்து வைத்தாலும் அடி விழும். சி ஷார்ப்பில் கேம் எழுதினேன். எதிரிகளை ஸ்ட்ரக்டாக வைத்து லிஸ்டில் போட்டிருந்தேன். ஒருவனை எடுத்து வேரியபிளில் வைத்து உயிரில் 10 குறைத்தேன். எத்தனை குண்டு பட்டாலும் அவன் சாகவில்லை. குறைந்ததெல்லாம் என் கையிலிருந்த நகலின் உயிர். லிஸ்டில் நேராக மாற்றப் போனால் கம்பைலர் தடுக்கிறது. அதே எதிரிகள் அர்ரேயில் இருந்தால் விடுகிறது. கையில் இருப்பது நகலா அசலா என்று அந்த வரியைப் படித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் எனக்குக் குறை. எதிரியை கிளாஸ் ஆக்கிவிட்டேன். அவன் நிற்கும் இடத்தைக் குறிக்கும் புள்ளி மட்டும் இன்னும் ஸ்ட்ரக்ட்.

* * *

எனக்கு ஜாவாவில். ஆர்டர் எண்களை இன்டிஜர் ஆப்ஜெக்டுகளாக வைத்து, இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டிருந்தேன்; இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் அது பார்க்கும். டெஸ்டில் 50 ஆர்டர், எல்லாம் பச்சை. கடைக்குக் கொடுத்த பிறகு 128-ஆவது ஆர்டரிலிருந்து ‘ஆர்டர் இல்லை’ என்று காட்ட ஆரம்பித்தது. -128 முதல் 127 வரை ஜாவா ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் திரும்பத் தருகிறது; அதைத் தாண்டினால் எண் ஒன்றானாலும் ஆப்ஜெக்ட் வேறு. மதிப்பை ஒப்பிடும் ஈக்வல்ஸ் என்று மாற்றிக் கொடுத்தேன். ஜாவாவை மேம்படுத்த 2014-இல் தொடங்கிய வால்ஹல்லா திட்டத்தின் வேல்யூ கிளாஸ்களில் சமக்குறி உள்ளிருக்கும் மதிப்புகளையே ஒப்பிடும், இன்டிஜரையும் அந்த வகையில் சேர்க்கிறார்கள். அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.