ஏ.எம்.சி. (வருஷ பராமரிப்பு) அக்ரிமென்ட் போட்டுத் தர நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில ஏசி, ஜெனரேட்டர் சர்வீஸ் பண்றேன். நானும் மூணு பசங்களும்தான். இதுவரைக்கும் லெட்டர்பேடுல ஒரு கொட்டேஷன், கீழ ரெண்டு கையெழுத்து, அதுதான் எங்க ஒப்பந்தம்.

இப்போ ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில கம்ப்ரஸர் போச்சு. "வருஷ காண்ட்ராக்ட்ல அதுவும் அடங்கும்"னு சொல்லி பழைய பில்லையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. நான் பேசினது லேபர் மட்டும். பேப்பர்ல அந்த ஒரு வரி இல்ல. தப்பு என் மேலயும்தான்.

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கு. எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் 2006-படி, ஒப்பந்தத்துல என்ன எழுதினாலும் 45 நாளுக்கு மேல பணத்தை இழுக்கக் கூடாது, தாண்டினா வட்டி உண்டுன்னு ஆடிட்டர் சொன்னார். அதுல புகார் கொடுத்துப் பணம் வாங்கினவங்க இருந்தா சொல்லுங்க.

சத்துவாச்சாரி கோர்ட் பக்கம், வியாபார ஒப்பந்தம் பழகின வக்கீல் வேணும். ஸ்பேர் பார்ட்ஸ் யார் செலவு, ராத்திரி கூப்பிட்டா தனி சார்ஜா, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனியா, இதெல்லாம் தெளிவா வரணும். முக்கியமா, தகராறுன்னா வேலூர் கோர்ட்லயே பாக்கணும். பெரிய கம்பெனிக்காரங்க அவங்க பேப்பர்ல மும்பைன்னு போட்டு நீட்டுறாங்க, நான் எங்க போறது?

நெட்ல இறக்கின மாடல் வேணாம் அண்ணா. ஃபீஸ் சுமாரா எவ்வளவு ஆகும்னும் சொன்னா உதவியா இருக்கும்.