டியூரரின் தாயை மூன்று முறை வரைந்தபோது

முகச்சித்திரம் பயில்வதற்காகப் பழைய மேதைகளின் கோட்டோவியங்களை நீர்வண்ணத்தில் படியெடுக்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு புகைப்படங்களைப் பார்த்தே வரைந்துவந்தேன். புகைப்படத்தில் இமைமுடியும் சட்டைப் பொத்தானும் ஒரே அழுத்தத்தில் தெரிவதால், எதை விட்டுவிடலாம் என்பது எனக்குப் பிடிபடவேயில்லை.

முதலில் எடுத்துக்கொண்டது, ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச் மாதம் தம் தாய் பார்பராவைக் கரித்துண்டால் வரைந்த படம். 18 பிள்ளைகளைப் பெற்று, 63 வயதில் மகன் முன் அமர்ந்த அந்த அம்மையார், அடுத்த இரண்டு மாதங்களில் இறந்துபோனார் என்பதை அறிந்தபின் அந்த முகத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை. நெற்றிச் சுருக்கம், ஒட்டிய கன்னம், புடைத்த கழுத்து நரம்பு என ஒவ்வொரு கோட்டையும் மெல்லிய தூரிகையால் மூன்று மாலைகள் உட்கார்ந்து எடுத்தேன். கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் முகம் கம்பி வலைபோல் இருந்தது. கரிக்கோடு தாளின் சொரசொரப்பில் உடைந்து உடைந்து செல்வதால் ஓரங்கள் இளகி நிற்கும்; நீர்வண்ணக் கோடோ உலர்ந்த தாளில் இருபுறமும் கூர்மையாகக் காய்ந்துவிடும். இந்த வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

இரண்டாம் முறை, கண்களைச் சுருக்கிக்கொண்டு மூலப்படத்தைப் பார்த்தேன். சுருக்கங்கள் மறைந்து, கன்னக்குழியும் தாடையின் அடியும் கழுத்தும் ஒரே நிழலாகச் சேர்ந்து தெரிந்தன. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் அல்ட்ராமரீன் என்ற நீலத்தையும் கலந்த சாம்பல் நிறத்தால் அந்த நிழல் முழுவதையும் தூரிகையை எடுக்காமல் ஒரே பூச்சாகப் போட்டு, நன்கு காய்ந்தபின் சில கோடுகளை மட்டும் சேர்த்தேன். அன்றுதான் முதன்முறையாக என் தாளில் எலும்பும் தோலும் தெரிந்தன.

அடுத்துச் சென்றது இன்னொரு ஜெர்மானிய ஓவியரான இளைய ஹான்ஸ் ஹோல்பைனிடம். இங்கிலாந்தின் விண்ட்சரில் உள்ள அரச சேகரிப்பில் அவருடைய முகச்சித்திரங்கள் ஏறத்தாழ 80 இருக்கின்றன. 1532இல் இரண்டாம் முறை இங்கிலாந்துக்கு வந்தபின் அவர் பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பூச்சிட்ட தாளிலேயே வரைந்தார். அந்தப் பூச்சே தோலின் நிறமாகிவிடுகிறது. நானும் லைட் ரெட் என்ற செம்மண் சிவப்பில் சிறிது யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சளைக் கலந்து தாள் முழுவதும் மிக மெல்லியதாகப் பூசி, முற்றிலும் காயவிட்டுத் தொடங்கினேன். இங்கே நிழல் மிகக் குறைவு, மூக்கின் ஒரு பக்கத்திலும் கீழுதட்டின் அடியிலும் ஒரு சாயல், அவ்வளவே. ஆகவே கன்னத்தின் வெளிக்கோடு சிறிது பிசகினாலும் அதை எந்த வண்ணத்தாலும் மூடி மறைக்க முடியாது. மூலப்படத்தின் மேல் தாளை வைத்து அச்செடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் கண் அளந்து பழக வேண்டிய வேலையை அச்சு பறித்துக்கொள்கிறது.

மிகுதியாகக் கற்றுத்தந்தது, ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் தம் மகன் நிக்கோலாஸை 1619ஆம் ஆண்டளவில் வரைந்த, வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகத்தில் உள்ள படம். கருப்பு, சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் (சாக்) ஆனது அது. சுண்ணக்கட்டியில் வெள்ளையை இறுதியில் வைக்கலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான் என்பதால், ஒளி விழும் இடத்தை முதல் பூச்சுக்கு முன்பே முடிவுசெய்து ஒதுக்கிவைக்க வேண்டும். அந்தக் குழந்தையின் கன்னத்தில் மட்டும் நான்கு தாள்களை இழந்தேன். பாதி காய்ந்த பூச்சில் நீர் மிகுந்த தூரிகையைத் தொட்டவுடன், வண்ணம் வெளியே தள்ளப்பட்டுப் பூக்கோசுபோல் ஓரம் கட்டி விரிந்தது. ஐந்தாம் தாளில், தூரிகையைத் துணியில் ஒற்றித் தாளின் ஈரத்தைவிடக் குறைந்த ஈரத்தோடு சிவப்பைத் தொட்டுவைத்தேன். அது அசையாமல் இருந்த இடத்திலேயே மெல்லக் கரைந்து கன்னமாயிற்று. இந்த முயற்சிகளுக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாள் பெரிதும் கைகொடுத்தது, தவறிய வண்ணத்தை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுத்தாலும் அது நைந்துபோவதில்லை.

இப்போது டியூரரின் தாயை மூன்றாம் முறை வரைந்துகொண்டிருக்கிறேன். கழுத்து நரம்புகளில் இரண்டை மட்டுமே வைத்திருக்கிறேன். தலைத்துணியின் ஒளிபட்ட பக்கம் இன்னும் வெற்றுத் தாளாகவே இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு கோடு வேண்டுமா என்று நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.