தோட்டத்துப் பாட்டையா: நம் ஊர்ச் சபையில் ஒரு விவசாயியின் வாழ்க்கை

அன்பான ஊர்ச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸ்தோத்திரமும்.

தோட்டத்துப் பாட்டையா காலமான செய்தி வந்ததிலிருந்து இந்தக் குழுவில் இரங்கல் மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவருடைய நினைவாக ஊர் எல்லையில் ஒரு வளைவு கட்டலாம் என்று துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி என் கருத்தைச் சொல்வதற்கு முன், அவர் வாழ்ந்த வாழ்க்கையை எழுத்தில் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஊரைவிட்டு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கு அவர் ஒரு புகைப்படம் மட்டுமே. அவரோடு அண்ணாச்சி, மாமா என்று உரிமையோடு பேசிய தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. தம் பெயரைக் கல்லிலோ தாளிலோ போடக்கூடாது என்று அவர் பலமுறை சொல்லியிருப்பதால், நானும் ஊர் அழைத்த பெயராலேயே அவரைக் குறிப்பிடுகிறேன்.

நம் பகுதியின் மண்ணை அறியாதவர்களுக்கு அவருடைய உழைப்பின் அளவு புரியாது. தூத்துக்குடி மாவட்டத்தில் மெய்ஞ்ஞானபுரத்துக்கும் உடன்குடிக்கும் இடைப்பட்ட நிலம், தேரி என்ற செம்மணல் மேட்டை ஒட்டியது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று எழும்பினால் செம்மணல் வேலியைத் தாண்டி வந்து பாத்திகளை மூடிவிடும். 1830-களின் இறுதியில் மெய்ஞ்ஞானபுரத்துக்கு வந்த மிஷனரி ஜான் தாமஸ் ஐயர், 1847-இல் பிரதிஷ்டையான பரிசுத்த பவுலின் ஆலயத்தைக் கட்டிய கையோடு கிணறு வெட்டவும் மரம் நடவும் மக்களைத் தூண்டினார் என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கும் முன்பே, 1830-இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தர்ம சங்கம், நிலக்கிழார்களின் நெருக்கடிக்கு ஆளான கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியேறுவதற்காக நிலம் வாங்கிக் கொடுத்தது. ஆகவே இந்தச் சீமையில் ஆலயமும் கிணறும் நிலமும் ஒரே வரலாற்றின் பகுதிகள். பாட்டையாவின் வாழ்க்கையிலும் அவை மூன்றும் பிரிக்க முடியாதபடியே இருந்தன.

1947 செப்டம்பர் 27-ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் பதின்வயதுப் பையன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தகப்பனார் இறந்ததும் அண்ணன்மார் இருவரும் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட, விதவைத் தாயும் தங்கைகளும் இரண்டு கமலை மாடுகளும் ஒரு கிணறும் சில பனைகளும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. பங்குனி தொடங்கி ஆடிவரை பதனீர்க் காலத்தில் அவர் வீட்டு விடிலி என்ற பனையோலைக் குடிசையில் கருப்பட்டி காய்ச்சுவார்கள். மற்ற மாதங்களில் கடலையும் கம்பும். சடையனேரிக் கால்வாய் வழியாக வெள்ளக்காலத் தண்ணீர் குளத்துக்கு வந்துசேரும் ஆண்டுகளில் மட்டும் வாழையும் கொஞ்சம் நெல்லும் விளையும்.

மண்ணைத் திருத்துவதில் அவருக்கு இருந்த அறிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். செம்மணலில் ஊற்றிய தண்ணீர் தங்காது; இட்ட உரமும் தங்காது. கோடையில் குளம் வற்றியதும் அவர் வண்டி கட்டிக் குளத்தடி வண்டலான கரம்பை மண் அடிப்பார். ஒரே ஆண்டில் நிலம் முழுவதும் அடிக்காமல், ஒரு கோடையில் ஒரு வயலை மட்டும் எடுத்துக்கொண்டு, கரம்பையைப் பரப்பி, ஆட்டுக்கிடை போட்டு, முதல் மழைக்குப் பிறகே உழுவார். இப்படித் தொடர்ந்து செய்ததால், அவருடைய தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கும். வேலிக்கு அந்தப் பக்கத்து மண் விரலிடுக்கில் வழிந்தோடும். அவர் கரம்பை எடுத்ததால் குளமும் ஆழப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். குடிமராமத்து என்ற பெயரை 2017-இல் அரசு மீண்டும் கையில் எடுப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டு, குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் துப்புரவு செய்யும் வழக்கத்தை அவர் நம் ஊரில் விடாமல் வைத்திருந்தார்.

ஆழ்துளைக் கிணறுகள் வந்த காலத்தில் அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்று நம்முடைய நிலைமை வேறாக இருந்திருக்கும். கடல் பக்கத்தில் இருக்கிறது, ஆழத்தில் உறிஞ்ச உறிஞ்ச உப்பு ஏறும் என்று அவர் சபைக் கூட்டத்திலேயே எழுந்து சொன்னார். அவருக்கு நிலத்தடி நீரியல் தெரியாது; தம் கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிற்றை மாதந்தோறும் இறக்கி, நீர்மட்டத்தையும் தண்ணீரின் ருசியையும் நோட்டில் எழுதிவந்ததுதான் அவருடைய ஆதாரம். பலர் கேட்கவில்லை. உடன்குடி, திருச்செந்தூர் வட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் உவர்நீரால் கைவிடப்பட்டன என்பது விடுமுறைக்கு ஊருக்குப் போகிற நம் எல்லோருக்கும் தெரியும்.

சபையில் அவர் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தார். திருமண்டல நிர்வாகப் பெருமன்றத் தேர்தலுக்கு நிற்கும்படி எத்தனையோ பேர் வற்புறுத்தியும் நிற்கவில்லை. ஒரு விவசாயி பாளையங்கோட்டைக்குக் கூட்டத்துக்குப் போய்வருகிற நாளில் பயிர் காய்ந்துபோகும் என்று சொல்லி மறுத்துவிடுவார். ஆனால் கைப்பிடி அரிசிக் கணக்கை அவரைப்போல் யாரும் பார்த்ததில்லை. உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவரும் அந்தப் பழக்கம்தான் நம் பகுதிச் சபைகளைத் தாங்கிய தூண். பக்கத்து ஊரான வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்று பெயர்பெற்ற அசரியா ஐயர் காலத்திலிருந்தே, ஏழைச் சபைகளும் தங்கள் கையால் கொடுத்துத்தான் வளர வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் உண்டு. பாட்டையா அந்த அரிசியை அளந்து வாங்கும்போது, ஒரு பிடி கொண்டுவந்தவர்களையும் ஒரு மரக்கால் கொண்டுவந்தவர்களையும் ஒரே மாதிரி வரவேற்பார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தம் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆலயச் சங்கக் காணிக்கைப் பாக்கி வைத்திருப்பவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் பாக்கியைத் தீர்த்த பிறகே ஆலயத்தில் திருமண அறிவிப்பு ஓலை வாசிப்பது என்ற கடுமை பல சபைகளில் இருந்தது. நம் சபையிலும் இருந்தது. அதை அவர் எதிர்த்துச் சண்டை போடவில்லை. பணமில்லாதவர்கள் வேலையாகச் செலுத்தலாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து, வரத்துக்கால் வெட்டிய நாளையும், அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் போட்ட நாளையும், ஆலயத்துக்கு வெள்ளையடித்த நாளையும் கூலிக் கணக்கில் வரவு வைத்தார். அந்தப் பேரேட்டில் ‘வேலையாக வரவு’ என்று ஒரு பத்தியே தனியாக இருக்கிறது. கொடுக்க முடியாதவர் என்று ஒருவரும் அதில் எழுதப்படவில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த கணக்குப் புத்தகங்களில் இதைவிட மரியாதையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நம் குளத்துத் தண்ணீர் முறை ஆலய மணிக்கு மாறும் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காலை மணிக்கு ஒருவர் வாய்க்காலை அடைத்தால் அடுத்தவர் திறப்பார். மாலை ஜெப மணிக்கு மறுபடியும் மாறும். இந்த முறை எப்போதும் குளத்தை ஒட்டிய தலைமடையிலிருந்தே தொடங்கியது. குளம் நிறைந்த ஆண்டுகளில் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில், தெற்குத் தெருக் குடும்பங்கள் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் சொந்தமாகவும் பயிரிட்டு வந்த, வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்கு வாய்க்காலில் ஈரம்கூட வந்து சேராது. தெற்குத் தெரு என்றால் எந்தச் சாதியார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரே ஆலயத்தில் ஒரே அப்பத்தைப் பெற்றுக்கொண்டு, வாய்க்காலில் மட்டும் அவர்களைக் கடைசியில் நிறுத்தியது நம் ஊர். இதை மறைத்து எழுதினால் பாட்டையா செய்தது என்னவென்றே விளங்காது.

பஞ்சம் கண்ட ஒரு வருஷம், நீர்ப்பாய்ச்சியை அழைத்து, இந்த முறை கடைமடையிலிருந்து தொடங்கட்டும் என்று அவர் சொன்னார். அவருடைய வாழைகள் தலைமடையில்தான் இருந்தன. குலை தள்ளி நிற்கும் ஏத்தன் வாழைகள். ஊர்க் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. தலைமடைக்காரன் தண்ணீருக்காகக் காத்திருந்தால்தான் வாய்க்காலைச் சுத்தமாக வைத்திருப்பான், தண்ணீர் தன்னைத் தாண்டிப் போகும்போது ஒரு சொட்டும் வீணாகாமல் பார்ப்பான் என்பது அவர் சொன்ன நியாயம். அது விவசாயக் கணக்காகவும் சரியாக இருந்தபடியால் எதிர்த்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த வருஷம் அவருக்குப் பாதி வாழை போயிற்று. அடுத்து வந்த வறண்ட ஆண்டுகளிலெல்லாம் அதே முறை நடந்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தபோது, எண்பதைக் கடந்துவிட்ட அவர் தடியை ஊன்றிக்கொண்டு கடைமடை வரை நடந்துபோய்த் தண்ணீர் ஏறியதைப் பார்த்த பிறகே வீட்டுக்குத் திரும்பினார் என்று அப்போது ஊரில் இருந்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆலயத்தில் எல்லோரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையிலும் இதே நடந்தது. விறகு வெட்டி, தண்ணீர் சுமந்து, அண்டாக்களைத் தேய்த்து வைத்தவர்கள் தெற்குத் தெருக்காரர்கள்; பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர்களும் அவர்களே. சமையல் பொறுப்பு அவர் கைக்கு வந்த ஆண்டில், இரவெல்லாம் அடுப்படியில் நின்றவர்களுக்கு முதலில் பசியாற்றிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இலை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டத்தின்) குருவானவரும் அவருக்குத் துணையாக நின்றார். சில குடும்பத்தார் அந்த வருஷம் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அவர் யாரையும் திரும்ப அழைக்கவில்லை. மறுவருஷம் வந்தவர்களிடம் எதையும் கேட்கவுமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நாம் எல்லோரும் கைபேசியைப் பிடித்துக்கொண்டு தூக்கமில்லாமல் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நூற்றுக்கணக்கானோர் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். நம் ஊரில் மின்சாரமும் தொலைபேசியும் போனபின், மேட்டிலிருந்த ஆலயத்தில் ஜனங்கள் தங்கினார்கள். அசன அண்டாக்களை எடுத்துக் கஞ்சி காய்ச்சியவர்களிடம், கால்வாய் உடைப்புக்கு அப்பால் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் கொண்டுபோங்கள், இங்கே இருக்கிறவர்கள் நனையாமலாவது இருக்கிறோம் என்று பாட்டையா கட்டிலில் படுத்தபடியே சொல்லி அனுப்பினார். அந்த வெள்ளத்தில் அவர் பேரன் பயிரிட்டிருந்த வாழை முழுவதும் சாய்ந்தது. தண்ணீரைத் திறந்து அடைக்கும் கடைமடைப் பலகையும் அடித்துக்கொண்டு போயிற்று; இன்றுவரை மணல் மூட்டை வைத்துத்தான் சமாளிக்கிறார்கள்.

அவரிடம் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றும் உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. அப்படியிருந்தும் அவர் உயில் எழுதி நிலம் முழுவதையும் ஆண்பிள்ளைகளுக்கே வைத்தார். மகள்களைப் படிக்கவைத்தார், நகை போட்டார், அதோடு கடமை முடிந்தது என்றே நினைத்தார். தோட்டத்தில் தகப்பனோடு மம்பட்டி பிடித்து வேலை செய்தவர் இளைய மகள்தான் என்பது ஊரறிந்த விஷயம். தண்ணீரில் அவ்வளவு நியாயம் பார்த்த மனிதர் நிலத்தில் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். நினைவுமலர் அச்சிடப்பட்டால் இதுவும் அதில் இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த மகளும் அதையே விரும்புகிறார்.

ஆகவே வளைவு வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. வளைவுக்கென்று சேரும் பணத்தைக் கடைமடைக்கு இரும்புப் பலகை போடவும், உடைந்த கரையைக் கட்டவும் பயன்படுத்தலாம். குளம் நீர்வளத்துறையின் பொறுப்பில் இருப்பதால் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும்; ஊராட்சித் தலைவரிடமும் சேகர குருவானவரிடமும் பேசிவிட்டேன், இருவரும் மனு எழுத உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நடக்கும்போது தெற்குத் தெருவிலிருந்து இருவராவது மேற்பார்வைக் குழுவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் இந்தக் குழுவிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கிணற்று நீர்மட்டம் எழுதிய நோட்டுகளும், சபைப் பேரேடுகளில் அவர் தனியாக நகலெடுத்து வைத்தவையும் இளைய மகளிடம் நாசரேத்தில் இருக்கின்றன. ஓரங்கள் செல்லரித்திருக்கின்றன. படமெடுத்துச் சேமிக்க அவர் சம்மதித்துவிட்டார். விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது ஒரு வாரம் அங்கே தங்கி இந்த வேலையைச் செய்ய முடியுமா? பழைய அளவைக் குறிகளை வாசிக்கத் தெரிந்தவர்களும் தேவை; மரக்காலுக்கும் கோட்டைக்கும் அவர் போட்டிருக்கும் சுழிகள் எனக்குப் புரியவில்லை.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் உறுப்பினர்களில் ஒருவன்